ஒத்தும் ஒட்டாமலும்

சென்ற ஐப்பசியில் தீபாவளி விடுமுறைக்கு வந்திருந்த என் தங்கை மகன், பலகாரத் தட்டை ஒரு பக்கம் ஒதுக்கி வைத்துவிட்டு, மடிக்கணினியை விரித்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தான். அவன் உத்தியோகம் பார்ப்பது சென்னையில். அந்த உத்தியோகத்தின் பலனை அனுபவிப்பதோ ஜெர்மனியில் எங்கோ இருக்கும் ஓர் ஆலை. ஆகவே நம் பண்டிகைகளெல்லாம் அவனுக்குப் பாதிப் பண்டிகைகளே. தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். திரையில், ஒரே அச்சில் வார்த்தாற்போல, மூன்று ஜன்னல்கள் திறந்திருந்தன. கட்டங்களும் பட்டியல்களும் எண்களும் மூன்றிலும் ஒன்றே. ஆனால் ஒன்றின் விளிம்பு நீலம், ஒன்றின் விளிம்பு மஞ்சள், மூன்றாவதன் விளிம்பு சிவப்பு.

“ஒரே கணக்கை எதற்கப்பா மூன்று தடவை திறந்து வைத்திருக்கிறாய்?” என்று கேட்டேன்.

“மூணும் ஒண்ணு இல்லை மாமா. நீலம் டெவ், மஞ்சள் குவாலிட்டி, சிவப்பு புரொடக்‌ஷன். நீலத்துல என்ன வேணும்னாலும் பண்ணிப் பார்க்கலாம். சிவப்பா இருந்தா கையை மடியில வச்சுக்கணும்” என்றான்.

விளையாட்டாக அவன் சொன்ன அந்த வார்த்தையின் பொருளை விசாரித்துக்கொண்டே போனதில், கணினி உலகத்தார் எழுப்பியிருக்கும் மாளிகைகளுக்குள்ளே மிகவும் யோசனையோடு எழுப்பப்பட்ட ஒன்றின் அமைப்பு எனக்கு ஒருவாறு விளங்கிற்று. ஒரு பெரிய ஸ்தாபனத்தின் மென்பொருளை ஆக்குவதற்கு ஓர் இடம், சோதித்துப் பார்ப்பதற்கு ஓர் இடம், உண்மையாகவே நடத்துவதற்கு ஓர் இடம் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள் என்பது எவருக்கும் எளிதில் புரியக்கூடிய விஷயம்; ஆனால் அந்தப் பிரிவினையின் சூட்சுமம் பிரிவினையில் இல்லை. சோதனை செய்யும் இடம் உண்மையான இடத்தை அச்சாக ஒத்திருக்க வேண்டும், அதே சமயத்தில் அதனோடு ஒரு நூலிழைகூட ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாது என்ற, ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விதிகளை ஏக காலத்தில் அனுஷ்டிப்பதிலேதான் அது இருக்கிறது. ஒத்திராவிட்டால் சோதனை பொய்த்துப்போகிறது. ஒட்டிக்கொண்டுவிட்டாலோ சோதனையே விபத்தாக முடிகிறது.

கொள்முதல், உற்பத்தி, விற்பனை, சம்பளம், வரவு செலவு ஆகிய சகல காரியங்களும் ஒரே கணினி ஏற்பாட்டின் கீழ் வந்தது வெகு காலத்துச் சங்கதி அல்ல. 1972-ஆம் ஆண்டிலே, ஐ.பி.எம். கம்பெனியில் வேலை பார்த்துவந்த ஐந்து பேர் அதை விட்டு வெளியேறி ஜெர்மனியில் ஆரம்பித்த எஸ்.ஏ.பி. என்னும் கம்பெனி இத்துறையின் முன்னோடிகளில் ஒன்று. 1992-ல் அவர்கள் வெளியிட்டு உலகமெங்கும் பரவிய மென்பொருளுக்கு ஆர்/3 என்று பெயர். அந்த ‘ஆர்’ என்ற எழுத்து, ‘உடனுக்குடன்’ என்று பொருள்படும் ஒரு தொடரின் முதலெழுத்து. அந்த ஓர் எழுத்திலேயே நம் கதையின் வித்து அடங்கியிருக்கிறது.

அதற்கு முந்திய காலத்தில் பெரும்பாலான கணக்குகள் துளையிட்ட அட்டைகளில் சேர்ந்து, இரவில் மொத்தமாக இயந்திரத்துக்குள் போய், காலையில் காகிதக் கட்டாக வெளியே வந்தன. பிழை இருந்தால் அது காகிதத்தோடு நின்றது, யாராவது ஒரு குமாஸ்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “இது எப்படி ஐயா சரியாகும்?” என்று கேட்பதற்கு ஓர் இரவு அவகாசம் இருந்தது. உடனுக்குடன் என்று வந்த பிறகு அந்த அவகாசம் மறைந்தது. கிடங்கில் ஒருவர் ஒரு பொத்தானை அழுத்திய மாத்திரத்தில் இருப்பு குறைகிறது, கணக்கு ஏறுகிறது, பட்டியல் அச்சாகிறது, வங்கிக்குச் செய்தி போகிறது. பிழையும் அதே வேகத்தில் போகிறது. இரவு என்ற இடைவெளி காலத்திலிருந்து போய்விட்டபடியால், அதை இடத்திலே உண்டாக்கிக்கொள்ள வேண்டியதாயிற்று. சோதனைக் கூடம் என்று நாம் சொல்வது, மறைந்துபோன அந்தக் குமாஸ்தாவின் இரவேயாகும்.

ஆர்/3 வகை மென்பொருளில் இந்த அமைப்பு மிகவும் திட்டமாக வகுக்கப்பட்டிருப்பதால் அதையே உதாரணமாகக் கொள்ளலாம். முதலாவது ஆக்கக் கூடம். தொழிலில் இருப்பவர்கள் ‘டெவ்’ என்பார்கள். நிரல்கள் எழுதப்படுவதும், விற்பனை வரி எத்தனை, எந்தக் கணக்கில் எது ஏறவேண்டும் என்பன போன்ற அமைப்புகள் செய்யப்படுவதும் இங்கே. ஒரு நிரலின் மூலப்பிரதி வாழுமிடம் இதுவே. மற்ற இரண்டு இடங்களிலும் இருப்பவை அதன் நகல்கள். எஸ்.ஏ.பி. கம்பெனி எழுதிய நிரல்களோடு வாடிக்கையாளர் எழுதியவை கலந்துபோகாதிருக்கும் பொருட்டு, வாடிக்கையாளரின் நிரல்களுக்கு ‘ஒய்’ அல்லது ‘இசட்’ என்ற எழுத்திலே பெயர் தொடங்க வேண்டும் என்று ஒரு நியமம் உண்டு. ஆங்கில நெடுங்கணக்கின் கடைசி இரண்டு எழுத்துக்களும் விருந்தாளிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட அறைகள் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, ‘குவாலிட்டி’ அல்லது ‘க்யூஏ’ எனப்படும் சோதனைக் கூடம். எழுதியவன் சரியென்று எண்ணியது எழுதாதவன் கண்ணுக்கும் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இங்கேதான். நிரல் எழுதத் தெரியாதவராயினும் ஆலையின் கிடங்குக் கணக்கை இருபது வருஷமாகப் பார்த்துவரும் ஒருவர் வந்து உட்கார்ந்து, தம் அன்றாட வேலையைச் செய்து பார்த்து, “வருஷக் கடைசியில் திரும்பி வரும் சரக்கை எங்கே எழுதுவது?” என்று ஒரு கேள்வி கேட்பார். பத்து நிபுணர்களுக்குத் தோன்றாத கேள்வி அது. இந்தக் கட்டத்துக்கு ‘யூஏடி’ என்று பெயர். அவர் சம்மதக் கையெழுத்திட்டாலொழிய காரியம் மேலே நகராது.

மூன்றாவது நடைமுறைக் கூடம். ‘புரொடக்‌ஷன்’, ‘லைவ்’ என்றெல்லாம் சொல்வது இதைத்தான். இங்கே சரக்கு உண்மை, பணம் உண்மை, சம்பளம் வாங்குகிறவர்களும் உண்மை. இந்தக் கூடம் முழுவதையும் ‘திருத்தத் தகாதது’ என்று ஓர் அமைப்பினால் பூட்டிவைத்துவிடுவார்கள். எழுதியவனே வந்தாலும் ஓர் எழுத்தை மாற்ற முடியாது. அன்றன்றைய அந்நியச் செலாவணி விகிதத்தைப் பதிவதும், மாதப் பிறப்பில் புதுக் கணக்கு மாதத்தைத் திறப்பதும் போன்ற, நாளோடு நாளாக மாறியே தீரவேண்டிய சில காரியங்களுக்கு மாத்திரம் விலக்கு உண்டு.

இம்மூன்றுக்கும் மேலாக, இஷ்டம்போல் உடைத்துப் பார்ப்பதற்கென்று ‘சாண்ட்பாக்ஸ்’ என்ற மணல்தொட்டி, புது ஆட்களைப் பழக்குவதற்கு ஒரு பயிற்சிக் கூடம், நடைமுறைக்கு முந்திய கடைசிப் படியாக ஒன்று, வெள்ளமோ தீயோ வந்தால் மாற்றிக்கொள்ள வெகு தூரத்தில் ஒன்று என, வசதிக்குத் தக்கபடி கூடங்கள் பெருகிக்கொண்டே போகும். ஆனால் முப்பது அறையுள்ள வீட்டுக்கும் ஆதாரம் சமையல், படுக்கை, வாசல் என்ற மூன்றே, அவ்வாறே இங்கும்.

கூடங்களைக் கட்டுவது பாதி வேலை. அவற்றுக்கு இடையே போகும் பாதையை ஒரே பாதையாக வைத்திருப்பது மறு பாதி. ஆக்கக் கூடத்தில் செய்யப்படும் ஒவ்வொரு மாறுதலும் ஒரு மூட்டைக்குள் கட்டப்படுகிறது. ‘டிரான்ஸ்போர்ட்’ என்பது அதன் பெயர். அந்தக் கூடத்தைக் குறிக்கும் மூன்றெழுத்து, பிறகு ‘கே’ என்ற எழுத்து, பிறகு 900001 முதலாக ஏறிக்கொண்டு போகும் ஓர் எண். இதுவே மூட்டையின் விலாசம். மூட்டை கட்டி முடியும்வரை அதற்குள் இருக்கும் நிரலை வேறொருவர் தம் மூட்டையில் கட்டிக்கொள்ள முடியாதபடி பூட்டு விழுந்திருக்கும். கட்டி ‘ரிலீஸ்’ செய்துவிட்டால் அப்புறம் அவிழ்க்க முடியாது. பிழையிருந்தால் இன்னொரு மூட்டைதான் கட்ட வேண்டும். சோதனைக் கூடத்தில் பிரிக்கப்பட்ட அதே மூட்டை, ஒரு முடிச்சும் மாறாமல், நடைமுறைக் கூடத்திலும் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் இயந்திரம் ‘ஆர்சி’ என்ற ஓர் எண்ணைச் சொல்லும்: பூஜ்யமானால் க்ஷேமம், 4 ஆனால் எச்சரிக்கை, 8 ஆனால் பிழை, 12 ஆனால் பெரும் பிழை. “ஆர்சி எட்டு வந்திடுச்சு” என்று நடுநிசியில் ஒருவன் தொலைபேசியில் சொன்னானென்றால், நிரல் வந்து சேர்ந்தது, அது நம்பியிருந்த அட்டவணை வேறொரு மூட்டையிலே பின்தங்கிவிட்டது என்பது போன்ற ஏதோ ஒரு சங்கடம் நேர்ந்திருக்கிறது என்று அறியலாம்.

மூட்டைகள் கட்டிய வரிசையிலேயே போய்ச் சேரவேண்டும் என்பது இதில் இன்னொரு நுட்பம். ஒரு நிரலைத் திங்கட்கிழமை திருத்தி ஒரு மூட்டையும், அதையே புதன்கிழமை மறுபடி திருத்தி இரண்டாவது மூட்டையும் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதன் மூட்டைக்கு அவசரம் என்று முதலில் சம்மதம் கிடைத்து அது முந்திப் போய்விடுகிறது. மறுவாரம் திங்கள் மூட்டை நிதானமாக வந்து சேர்கிறது. விளைவு யாதெனில், பழைய பிரதி புதிய பிரதியின்மேல் படிந்து அதை அழித்துவிடுகிறது. சோதனையில் சரியாக இருந்த காரியம் நடைமுறையில் கோணலாகிறது. கோணலுக்குக் காரணம் எந்த மூட்டையிலும் இல்லை, மூட்டைகளின் முன்பின்னிலே இருக்கிறது.

எழுதியவனே பரீட்சித்து, எழுதியவனே நடைமுறைக்கும் கொண்டுசேர்ப்பது கூடாது என்பது இப்பாதையின் காவல் விதி. அமெரிக்காவில் என்ரான் முதலிய கம்பெனிகளின் கணக்கு மோசடிகள் வெளியான பின், 2002-ல் நிறைவேறிய சார்பேன்ஸ்–ஆக்ஸ்லி சட்டம், கணக்குகளைத் தயாரிக்கும் ஏற்பாட்டின்மேல் உள்ள கட்டுப்பாடுகளுக்கு நிர்வாகிகளே உத்தரவாதம் சொல்லவேண்டும் என்று விதித்தது. அதன் பிறகு, முன்பு நல்ல வழக்கமாயிருந்த இந்தப் பிரிவினையைத் தணிக்கையாளர்கள் வந்து நிரூபிக்கச் சொல்லும் காலம் பிறந்தது. நள்ளிரவில் வீடு பற்றி எரியும்போது இந்த மரியாதைகளுக்கெல்லாம் நேரமிராது என்பதையும் அறிந்தே, அவசரத்துக்கென்று தனிச் சாவி ஒன்று வைத்திருக்கிறார்கள்; அதை வாங்கினால் வாங்கிய நேரம், திறந்த அறை, தொட்ட பொருள் அனைத்தும் பதிவாகும்.

பாதை ஒன்றாயிராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, நியூயார்க் பங்குச் சந்தையோடு சம்பந்தப்பட்ட நைட் கேப்பிட்டல் என்ற ஸ்தாபனத்தின் கதையைவிடக் கசப்பான பாடம் கிடையாது. 2012 ஆகஸ்டு 1-ஆம் தேதி சந்தையில் புதிதாகத் தொடங்கவிருந்த ஒரு திட்டத்துக்காக அவர்கள் நிரலை மாற்றி, எட்டு கணினிகளில் அதை ஏற்றவேண்டியிருந்தது. ஏற்றியவர் ஏழில் ஏற்றி ஒன்றை விட்டுவிட்டார். அதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற ஏற்பாடும் இல்லை. விடுபட்ட எட்டாவது கணினியிலோ, 2003-ஆம் ஆண்டுக்குப் பின் உபயோகத்திலில்லாத ஒரு பழைய நிரல், அகற்றுவாரில்லாமல் தூங்கிக்கொண்டிருந்தது. புதுத் திட்டத்தை விழிக்கச் செய்வதற்கு வைத்த அடையாளமோ, அந்தப் பழைய நிரலை விழிக்கச் செய்வதற்கு முன்பு உபயோகித்த அதே அடையாளம். காலையில் சந்தை திறந்தவுடன் அது எழுந்து, வாங்குவதும் விற்பதுமாக நாற்பத்தைந்து நிமிஷத்தில் 40 லட்சம் பேரங்களை நடத்தித் தீர்த்தது. என்ன நடக்கிறது என்று புரியாத பதற்றத்திலே, சரியாக இருந்த ஏழு கணினிகளிலிருந்தும் புது நிரலை எடுத்துவிட்டார்கள். பழைய பூதம் அவற்றிலும் எழுந்தது. நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல். மறு வருஷம் அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் விதித்த அபராதம் 1 கோடியே 20 லட்சம் டாலர். சந்தை திறக்குமுன் அந்தப் பழைய நிரலின் பெயரைச் சொல்லியே பிழைச் செய்தி தாங்கிய 97 மின்னஞ்சல்கள் அந்த ஸ்தாபனத்துக்குள்ளேயே வந்து கிடந்தன என்றும், அவற்றைப் படித்து எவரும் நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் அந்த ஆணையத்தின் உத்தரவு சொல்கிறது.

இது பாதையின் குற்றம். இனி, நடுக்கூடமாகிய சோதனைக் கூடம் கடைசிக் கூடத்தை ஒத்திராததன் குற்றத்தைப் பார்ப்போம்.

சிக்கனம் என்று வரும்போது எப்பொழுதும் கத்தி விழுவது நடுக்கூடத்தின் மேல்தான். நடைமுறைக் கூடத்தைக் குறைக்க முடியாது, வியாபாரம் நின்றுவிடும். ஆக்கக் கூடத்துக்கு அதிகம் தேவையில்லை. ஆகவே நடுவில் இருப்பதற்குப் பாதி நினைவகம் போதும், கால்வாசித் தரவு போதும், போன வருஷத்து நகலே போதும் என்று, ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் யாருடைய சாயலும் இல்லாத ஒரு கூடத்தில் சோதனை நடத்துகிறார்கள். பத்தாயிரம் வாடிக்கையாளர்களின் கணக்கை ஒரு நொடியில் முடித்த நிரல், ஐம்பது லட்சம் பேர் வந்து நின்றதும் மூச்சடைத்துப்போவதில் வியப்பென்ன?

பிரிட்டனில் டி.எஸ்.பி. என்ற வங்கி, தன்னை முன்பு உடைமையாகக் கொண்டிருந்த லாயிட்ஸ் வங்கியின் கணினி ஏற்பாட்டை விட்டு, ஸ்பெயின் தேசத்துப் புதிய எஜமானரான சபாடெல் வங்கியின் வழிவந்த ஏற்பாட்டுக்கு, 2018 ஏப்ரல் மாதத்தில் ஒரு வாரக் கடைசியிலே 52 லட்சம் வாடிக்கையாளர்களைக் குடிபெயர்த்தது. தரவுகள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. ஏற்பாடுதான் பாரம் தாங்கவில்லை. ஏறக்குறைய 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். எல்லாம் பழைய நிலைக்கு வர அந்த வருஷத்து டிசம்பர் ஆயிற்று. வங்கியின் இயக்குநர் குழுவே கேட்டுப் பெற்ற விசாரணை அறிக்கை 2019-ல் வெளிவந்தது. அதிலே கண்ட விஷயங்களில் ஒன்று நம் கதைக்கு மிகவும் பொருந்துவது. புதிய ஏற்பாடு இரண்டு தரவு மையங்களில் ஒருசேர இயங்கவேண்டியது. இரண்டும் ஒன்றுபோல அமைந்திருக்க வேண்டியவை. பாரம் தாங்குமா என்ற பரீட்சையோ ஒரு மையத்தில் மாத்திரம் நடந்தது. இரண்டும் ஒன்றுபோல அமையவில்லை என்பது, குடிபெயர்ந்த பிறகுதான் வெளிச்சத்துக்கு வந்தது. 2022-ல் மேற்பார்வை அதிகாரிகள் விதித்த அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுனுக்கு மேல். வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்த நஷ்டஈடு 3 கோடியே 27 லட்சம் பவுன். சோதனை நடக்காமல் போனதல்ல இங்கே வினை. நடந்த சோதனை, தான் காணாத பாதிக்கும் சேர்த்துச் சாட்சி சொன்னதே வினை.

சாயல் மங்காமல் இருப்பதற்காக, சில மாதங்களுக்கு ஒரு முறை நடைமுறைக் கூடத்தை முழுமையாக நகலெடுத்து நடுக்கூடத்தின்மேல் கவிழ்த்துவிடுவார்கள். ‘ரிஃப்ரெஷ்’ என்று பேர். இந்த இடத்திலேதான் முதல் விதி இரண்டாம் விதியோடு மோதுகிறது. நகல் எத்தனைக்கெத்தனை அச்சாக இருக்கிறதோ, அத்தனைக்கத்தனை அது தன்னையே அசலென்று நம்பிக்கொள்ளும். கண்விழித்த கணமே, வழக்கம்போல இரவு வேலைகளைத் தொடங்கும். நிலுவை வைத்திருக்கும் உண்மையான வாடிக்கையாளருக்கு இரண்டாம் தடவை கடிதம் அனுப்பும். எங்கோ இருக்கும் கிடங்கின் அச்சு இயந்திரத்தில் இல்லாத சரக்குக்குச் சீட்டு அச்சிடும். வங்கியின் கதவையும் போய்த் தட்டும். ஆகவே நகல் கண்விழிக்குமுன் செய்யவேண்டிய காரியங்களுக்கு ஒரு நீண்ட பட்டியல் வைத்திருக்கிறார்கள்: தானாக ஓடும் வேலைகளை நிறுத்து, மின்னஞ்சல் வாயிலை அடை, அச்சு இயந்திரங்களைத் துண்டி, பிற கணினிகளோடு உள்ள தொடர்புகளையெல்லாம் சோதனைக் கணினிகளை நோக்கித் திருப்பு, அட்டவணைகளுக்குள்ளே எங்கெங்கே பழைய கூடத்தின் பெயர் பதிந்திருக்கிறதோ அங்கெல்லாம் புதுப் பெயரை மாற்று.

மனிதர்களின் அந்தரங்கம் பற்றிய கேள்வியும் இதிலே அடங்கியிருக்கிறது. நகலோடு ஊழியர்களின் சம்பளமும், வாடிக்கையாளர்களின் விலாசமும், வங்கிக் கணக்கு எண்ணும் கூடவே வந்துவிடுகின்றன. காவல் குறைந்த கூடத்தில், நாலு பேர் புழங்கும் இடத்தில், அவை திறந்து கிடப்பது நியாயமாகாது. கடன் அட்டைத் தொழிலின் பாதுகாப்பு விதிகள், உண்மையான அட்டை எண்களைச் சோதனையில் உபயோகிப்பதற்குக் கடுமையான தடை வைத்திருக்கின்றன. ஆகவே பெயரும் எண்ணும் உருமாற்றப்படுகின்றன. பெயர் மாறினாலும் பெயரின் நீளம் மாறக் கூடாது. எண் மாறினாலும் எண்ணின் இலக்கணம் மாறக் கூடாது. இல்லையேல் சாயல் கெட்டுச் சோதனை பொய்யாகும். முகத்தை மறைத்து நடையை மாத்திரம் காட்டும் வேஷம் இது. கூத்துக் கலைஞருக்கே உரிய சாமர்த்தியத்தை வேண்டுவது.

ஒட்டிக்கொண்டதால் வந்த விபரீதங்கள் வியாபாரத்தோடு நின்றனவா என்றால், இல்லை. 1979 நவம்பர் 9-ஆம் தேதி, வட அமெரிக்காவின் வான்காப்புத் தலைமையகத்தின் திரைகளில், சோவியத் ஏவுகணைகள் பெருந்திரளாகப் புறப்பட்டுவிட்டதாகத் தெரிந்தது. போர் விமானங்கள் சில வானில் ஏறிவிட்டன. செயற்கைக்கோள்களையும் ராடார்களையும் நேரே விசாரித்தபோது வானம் வெறுமையாக இருந்தது. சோதனைக்கென்று சித்தம் செய்து வைத்திருந்த கற்பனைத் தாக்குதலின் தரவு, நடைமுறை ஏற்பாட்டுக்குள்ளே வழிதவறிப் புகுந்துவிட்டது என்பது நிச்சயமாயிற்று. அதற்குப் பின் சோதனைகளுக்கென்று, தலைமையகத்துக்கு வெளியே, வேறோர் இடத்தில் தனிக் கூடம் அமைத்தார்கள். அந்தக் கற்பனைத் தாக்குதல் அவ்வளவு தத்ரூபமாக இருந்ததனால்தான் அவ்வளவு ஆபத்தாயிற்று என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஏறக்குறைய நாற்பது வருஷத்துக்குப் பிறகும் பாடம் முடியவில்லை. 2018 ஜனவரி 13-ஆம் தேதி காலை எட்டு மணி ஏழு நிமிஷத்துக்கு, ஹவாய்த் தீவுகளில் இருந்தவர்களின் கைபேசிகளிலெல்லாம் ஏவுகணை வருகிறது என்ற எச்சரிக்கை ஒலித்தது. அது பிழை என்ற மறுசெய்தி கைபேசிகளுக்கு வந்து சேர முப்பத்தெட்டு நிமிஷம் ஆயிற்று. ஒத்திகைக்காக ஒலித்த செய்தியை ஓர் அதிகாரி உண்மையென்று நம்பிவிட்டார் என்பது அதன் ஆதி காரணம். ஆனால் அவர் கையை எதுவும் தடுக்கவில்லை என்பதே பெரிய காரணம். சோதனை எச்சரிக்கையையும் உண்மை எச்சரிக்கையையும் அனுப்புவதற்கு அந்த மென்பொருளில் வெவ்வேறு கூடங்கள் இல்லை, இரண்டுக்கும், “அனுப்பட்டுமா?” என்று கேட்கும் கேள்வியும் ஒரே கேள்வி.

இதற்கு நேர்மாறான கதையும் ஒன்று உண்டு. 2017 ஜனவரி 31-ஆம் தேதி இரவு, கிட்லேப் என்ற ஸ்தாபனத்தின் பொறியாளர் ஒருவர், பழுதுபட்டிருந்த துணைத் தரவுக் கணினியில் ஓர் அடைவை அழிக்க நினைத்து, அதே கட்டளையைப் பிரதானக் கணினியிலே இட்டுவிட்டார். இரண்டின் பெயருக்கும் வித்தியாசம் ஓர் இலக்கம். ஓரிரு நொடியில் உணர்ந்து நிறுத்தினாரானாலும், 300 ஜி.பி. தரவில் எஞ்சியது நாலரை ஜி.பி. மாத்திரமே. பல விதமாக எடுத்து வந்த காப்புப் பிரதிகளைத் தேடினால், சில மௌனமாகவே தோற்றுப்போயிருந்தன. கடைசியில் கைகொடுத்தது எது தெரியுமா? சோதனைக் கூடத்தைப் புதுப்பிப்பதற்கென்று ஆறு மணி நேரத்துக்கு முன்பு தற்செயலாக எடுத்திருந்த நகல். அசலைப்போலவே இருந்ததால் அது உயிர் கொடுத்தது. அசலோடு ஒட்டாமல் இருந்ததால் அது உயிரோடு இருந்தது. நடந்த பிழையையும் எடுத்த சிகிச்சையையும் ஒளிக்காமல் அவர்களே உலகத்துக்கு எழுதி வைத்ததனால் இன்று நாமும் இதை அறிகிறோம்.

எவ்வளவு ஒத்திருந்தாலும் ஒரு கூடம் உலகமாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2024 ஜூலை 19-ஆம் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருள் கம்பெனி அனுப்பிய ஒரு சிறு கோப்பினால் ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு விழுந்தன; விமானங்கள் நின்றன. நிரல் என்றால் நெடும்பாதை, தரவு என்றால் குறுக்குப் பாதை என்று அவர்கள் வைத்திருந்த ஏற்பாட்டில், குறுக்குப் பாதையில் வந்தது அந்தக் கோப்பு. வாசலில் சரிபார்க்க வைத்திருந்த நிரலிலும் ஒரு பிழை. அதைத் தாண்டியதும் எல்லாருக்கும் ஒரே வேளையில் போய்ச் சேர்ந்துவிட்டது. எனவேதான் தேர்ந்தவர்கள், சோதனை தேறிய பின்னரும் முதலில் நூற்றில் ஒருவருக்கு, பிறகு பத்துப் பேருக்கு, குறை காணாவிட்டால்தான் மற்றவர்களுக்கு என்று படிப்படியாகப் பரிமாறுகிறார்கள். புதுப் பானையில் முதல் நாள் ஊர்ச் சாப்பாட்டை யாரும் சமைப்பதில்லை.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த அன்று மாலை, மருமகன் ஒரு சிறு காரியத்தை முடிக்கவேண்டியிருந்தது. சோதனைக் கூடத்தில் ஒரு கணக்கை ஓட்டிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். மஞ்சள் விளிம்பு போட்ட ஜன்னலுக்குப் போனான். பொத்தானை அழுத்துவதற்கு முன், திரையின் அடியில் பொடியாகத் தெரிந்த மூன்றெழுத்துப் பெயரை விரலால் தொட்டு, பள்ளிப் பிள்ளைபோல ஓர் எழுத்து ஓர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தான்.

“மஞ்சள்தான் இருக்கிறதே, எழுத்துக் கூட்டி வேறு படிக்க வேண்டுமா?” என்று சிரித்தேன்.

“மஞ்சள் நான் வச்ச நிறம் மாமா” என்றான், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “அந்தப் பேரு, அதோட பேரு.”